புனிதா காய்ச்சிய கருப்பட்டி

புனிதாவைப் பார்த்து "உன்னால் ஆகுமா?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் எழுந்து போவதற்குள் இவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வேலையில் இறங்கியிருப்பாள். வயது நாற்பத்தாறு. ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவான உருவம். வாய் மட்டும் ஆறடி என்று அவள் புருஷனே சொல்வான், அதுவும் அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

பிறந்தது சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு கித்தா ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அவளுக்குப் பதினேழு வயதானபோது தோட்டத்தை விற்று வீட்டு மனை போட்டுவிட்டார்கள். சனம் நாலா பக்கமும் சிதறியது. புனிதா ஈப்போவுக்கு வந்து கையுறை செய்கிற ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தாள். அம்மா பால்மரம் சீவினாள், மகள் அந்தப் பாலில் செய்த கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் இதே வேலைதான். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் கையுறை என்று கேட்டால் அவளுக்கே சிரிப்பு வரும். அதில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. எதையும் கண்ணால் பார்த்துச் சொல்லாதே, சோதித்துப் பார்த்துச் சொல், சொன்னதைத் தேதி போட்டு எழுதி வை. அதில் அவள் இழந்ததும் ஒன்று உண்டு. ஃபேக்டரி மருந்து நெடி அவள் மூக்கைத் தின்றுவிட்டது. மல்லிகைப்பூவும் கருவாடும் அவளுக்கு ஒன்றுதான்.

புருஷன் ஜெயபாலன் ஹுத்தான் மெலிந்தாங்காரன். இளவட்ட வயதில் அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் கள் இறக்கியவன். கள்ளுக்கடையை மூடியதும் ஈப்போவுக்கு வந்து ஒரு பேரங்காடியில் காவலாளி ஆனான். மெலிந்தாங்கில் அவன் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் இருந்தது. அதில் இருபத்தாறு நெட்டைத் தென்னை, வீட்டுக்குப் பின்னால் நாலு குட்டைத் தென்னை. மாதத்துக்கு ஒருமுறை போய் விழுந்த தேங்காயைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பாயாசம் வைக்கலாம் என்று பாசார்ச் சந்தையில் தென்னங்கருப்பட்டி வாங்கி வந்தாள் புனிதா. குலா மெலாக்கா என்று மலாயில் மேலே அழகாக எழுதியிருந்தது. உடைத்து வாயில் போட்டவள் முகத்தைச் சுளித்தாள். அத்தனையும் வெள்ளைச் சீனி, சாயத்துக்குக் கொஞ்சம் கரி மாதிரி ஏதோ. மரம் நம்மிடம் இருக்கிறது, ஏறத் தெரிந்த ஆள் நீ இருக்கிறாய், நாமே காய்ச்சினால் என்ன என்று புருஷனைக் கேட்டாள். ஜெயபாலன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் லேசுப்பட்ட வேல இல்ல. ஒன்னால ஆகுமா?" என்றான். கெட்டது குடி.

அடுத்த சனிக்கிழமை மெலிந்தாங்கில் ஆரம்பித்தது, பிறகு இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும்போதெல்லாம் போய்ப் புதுப் பாளை கட்டினார்கள். புருஷன் மரமேறிப் பாளையைச் சீவி முட்டிப் பானை கட்டுவான், இவள் கீழே கொட்டகை அடுப்பில் குவாலிச் சட்டியை ஏற்றுவாள். முதல் நாலு மாதம் எல்லாம் கோணல்தான். ஒரு நாள் கருகும், ஒரு நாள் பாகாகவே நிற்கும். புனிதா கடைக்குப் போய்ச் சூடு பார்க்கிற கருவி ஒன்றை வாங்கிவந்தாள். எத்தனை சூட்டில் நுரை அடங்குகிறது, எத்தனை சூட்டில் இறக்கினால் மூங்கில் வளையத்தில் ஊற்றியதும் கட்டியாகிறது என்று நோட்டில் எழுதினாள். கள்ளுக்கும் கருப்பட்டிக்கும் வித்தியாசம் முட்டியில்தான் என்று சீக்கிரமே கண்டுபிடித்தாள். கள்ளுக்கு, பாளையிலிருந்து சொட்டுகிற நீரா புளிக்க வேண்டும், கருப்பட்டிக்குப் புளிக்கவே கூடாது. ஒவ்வொரு தடவையும் முட்டியைச் சுடுதண்ணீரில் கழுவி, உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் மேலே அனுப்ப வேண்டும். கொஞ்சம் புளித்தாலும் போச்சு, எவ்வளவு விறகு எரித்தாலும் அந்தப் பாகு உறையாது. கடைசியில் இறக்கும்போது பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியாது, ஆனால் சாப்பிட்டவர்கள் கண்ணை மூடுவது தெரியும்.

ஈப்போவில் பக்கீர் முகம்மது என்று ஒரு பெரியவர். மூன்று தலைமுறையாகச் சாப்பாட்டுக் கடை. அவர் மகள் ஆசியா கடையின் ஒரு பக்கத்தில் சென்டோல் என்கிற கருப்பட்டிப் பாகு ஊற்றிய குளிர்பானமும் பலகாரமும் விற்கத் தனியாக ஒரு கவுண்டர் திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். புனிதா ஒரு கட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தாள். ஆசியா கடித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள். அவரும் கடித்துப் பார்த்துவிட்டு மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலை முடிந்தது.

ஆசியா வியாபாரி வீட்டுப் பெண், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவாள். நோன்பு மாதத்துக்கு முன்னால் கவுண்டர் திறக்கிறேன், இருபத்துமூன்றாம் தேதிக்குள் ஐம்பது கிலோ வேண்டும், வெள்ளைச் சீனி ஒரு குன்றிமணி இருந்தாலும் வேண்டாம். சரக்கு சரியாக வந்தால் மாதாமாதம் ஐம்பது கிலோ உங்களிடமே வாங்குகிறேன் அக்கா, வராவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறார், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள்.

புனிதா ஃபேக்டரியில் சம்பளமில்லாத விடுப்புப் போட்டு, லீவு எடுத்த புருஷனோடு மெலிந்தாங்கு வீட்டுக்கே வந்து தங்கினாள். இருபத்தைந்தாம் தேதி வேலைக்குத் திரும்ப வேண்டும். இதுதான் அவள் போட்ட கணக்கு: மாதாமாத ஆர்டர் கையில் வந்தால் இனி அந்த ஃபேக்டரி பஸ்ஸில் கால் வைப்பதில்லை. வராவிட்டால் ஓய்வு வயது வரைக்கும் கையுறைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் மட்டும் ஒரே ஒருமுறை சொன்னாள், அதுவும் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி அவன் கேட்டதே இல்லை, பயந்துபோய் உடனே மரமேறிவிட்டான்.

மூன்றாம் தேதி ஆரம்பித்து எட்டு நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. இருபத்திரண்டு கிலோ கட்டி. ஒவ்வொரு நாள் சரக்கையும் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே தேதிச் சீட்டு ஒட்டினாள். ஃபேக்டரி புத்தி, விடுமா?

பத்தாம் தேதி சாயங்காலம் ஜெயபாலன் வழுக்கி விழுந்தான். மரத்திலிருந்து இல்லை. முப்பதடி உயரத்தில் இத்தனை வருடம் வழுக்காத கால், குளிக்கிற இடத்துச் சவர்க்காரத் தண்ணீரில் வழுக்கியது. கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத் தகடு போட வேண்டும் என்றார்கள். வலியில் முனகிக்கொண்டே, மரமெல்லாம் என்னாகும் என்றுதான் கேட்டான். அட, அதுதானே! பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் காய்ந்துவிடும். இருபத்தாறு நெட்டை மரத்தை யார் ஏறுவது?

மறுநாள் விடிவதற்குள் வாசலில் ஒரு மோட்டோ சைக்கிள் வந்து நின்றது. அர்ச்சுனன். ஜெயபாலனோடு ஒரே தோட்டத்தில் கள் இறக்கியவர், அறுபத்தொரு வயது, இன்னமும் அணில்தான். யாரும் கூப்பிடவில்லை, கூலி பேசவில்லை. மச்சான் காலு ஆறுற வரைக்கும் நான் பாத்துக்கிறேன் தங்கச்சி என்று கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். புனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த அர்ச்சுனனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹுத்தான் மெலிந்தாங்கில் கைராசி என்றால் அர்ச்சுனன், அர்ச்சுனன் என்றால் கைராசி. அந்தக் காலத்தில் அவர் இறக்கிய கள்ளுக்கு என்று தெலுக் இந்தான் பக்கமிருந்தெல்லாம் சைக்கிள் மிதித்து வருவார்களாம். அதே மரம், அதே பாளை, அடுத்த ஆள் இறக்கினால் சப்பென்று இருக்கும், இவர் இறக்கினால் சுர்ரென்று ஏறுமாம். கள்ளுக்கடை போன பிறகும் பேர் போகவில்லை. யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முகூர்த்தக்கால் ஊன்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். புது மனையில் முதல் தென்னம்பிள்ளை வைக்க அவர் கை வேண்டும். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்ட மனிதர். அந்தப் பேர் ஒன்றுதான் அவருக்குச் சொத்து.

அப்படிப்பட்டவருக்கு முட்டி கழுவச் சொல்லிக் கொடுப்பதா? யாருக்கும் அப்படி ஒரு நினைப்பே வரவில்லை. புனிதா ஆஸ்பத்திரிக்கும் அடுப்புக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். குட்டைத் தென்னை நாலையும் மட்டும் அவளே ஏணி போட்டுச் சீவிக்கொண்டாள், தன் முட்டியைத் தானே கழுவிக்கொண்டாள். நெட்டை மரத்து நீராவை அர்ச்சுனன் பீப்பாயில் ஊற்றி வைப்பார், இவள் தன்னுடையதையும் அதில் சேர்த்துக் காய்ச்சுவாள்.

பதினொன்றாம் தேதிச் சரக்கு உறையவில்லை. மூங்கில் வளையத்தைத் தூக்கினால் கொழகொழவென்று வழிந்தது. நான்தான் அவசரப்பட்டு இறக்கிவிட்டேன் என்று நினைத்தாள். மறுநாள் கூடுதலாகக் காய்ச்சினாள், கசந்தது, உறையவில்லை. அடுத்த நாள் விறகை மாற்றினாள். அதற்கடுத்த நாள் மழை மேல் பழி போட்டாள். சூட்டுக் கருவி கெட்டுவிட்டதோ என்று வெந்நீரில் விட்டுச் சோதித்தாள், அது நன்றாகத்தான் இருந்தது. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நுரை மட்டும் முன்பைவிட அதிகமாகப் பொங்கியது. அர்ச்சுனன் கையில் மரம் நிறையச் சுரக்கிறது போலிருக்கிறது என்று அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாளும் உறையவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயபாலன் ஃபோனில் ஒரு யோசனை சொன்னான். ஒரு குவாலிக்கு ரெண்டு கிலோ வெள்ளைச் சீனி போட்டால் கல்லு மாதிரி நிற்கும், ஊரே அப்படித்தான் செய்கிறது என்றான். அப்படிச் செய்வதானால் பாசாரில் வாங்கி ஆசியாவிடம் கொடுத்துவிடலாமே, நான் எதற்குக் கண்ணில் புகையை வாங்கிக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்டு ஃபோனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு சமையல்கட்டு மூலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுகை அடங்கியதும் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு குவாலியைத் தேய்க்கப் போனாள்.

ஆறாம் நாள், பதினாறாம் தேதி, ராஜு வந்தான். அந்த வட்டாரத்தில் ராஜுவைத் தெரியாதவர் கிடையாது. கள்ளு எங்கே கிடைக்கும் என்று அவனைத்தான் கேட்பார்கள். இரண்டு வருடமாக இந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் தினமும் மோட்டோவில் போகிறான், ஒருநாள் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு நிறுத்தினான். கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை.

"அக்கா, ரெண்டு மூணு நாளா வாசன ஆளத் தூக்குதுலா. பழைய அர்ச்சுனண்ணன் சரக்கு மாரியே இருக்கு. ஒரு மொடக்கு குடுங்களேன்."

புனிதாவின் மூக்குக்குத்தான் எதுவும் எட்டாதே. பீப்பாயில் ஒரு குவளை மொண்டு அவனிடமே கொடுத்தாள். ராஜு குடித்தான், கண்ணை மூடினான், இன்னொன்று கேட்டான். அவனைத் துரத்திவிட்டு அர்ச்சுனன் காலையில் இறக்கிவைத்த காலி முட்டிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுண்ணாம்பின் சுவடே இல்லை. அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பழைய மண்டி, வெள்ளையாக, மெத்தென்று கிடந்தது. கள்ளுக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. பழைய கள்ளில் கொஞ்சம் அடியில் விட்டு வைத்தால், மேலே சொட்டுகிற நீரா சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். அர்ச்சுனன் ஆறு நாளாகத் தன் நல்ல மனசு முழுவதையும் போட்டு முதல்தரமான கள் இறக்கித் தந்திருக்கிறார்.

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அது நின்றது. கள்ளு! பாய் கடைக்கு! அதுவும் நோன்புக்கு முன்னால்! ஜெயபாலன் சொன்னபடி சீனியைப் போட்டு உறைய வைத்துக் கொண்டுபோயிருந்தால்? அந்த மனிதர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாரே, அப்படி நம்பியவர்களுக்கு இதையா கொடுத்திருப்பேன்? மண்வெட்டியை எடுத்தாள். ஆறு நாள் பாகையும் பின்னால் குழி தோண்டிக் கொட்டி மூடினாள். அந்தப் பாகு இருந்த டப்பாக்களையும் தனியாக ஒதுக்கினாள். தேதிச் சீட்டு ஒட்டியிருந்ததால் நல்லது எது கெட்டது எது என்று தடுமாற்றமே இல்லை.

அடுத்தது அர்ச்சுனனிடம் சொல்வது. அங்கேதான் சிக்கிக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதும் ஜெயபாலன் ஃபோனில் கெஞ்சினான்.

"அவன்கிட்ட மட்டும் கேட்டுறாத புனிதா. அர்ச்சுனன் கை பட்டு கெட்டுப்போச்சுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்தா, அவன் செத்துருவான்."

மற்ற யாராக இருந்தாலும் புனிதா மூஞ்சிக்கு நேராகப் போட்டு உடைத்திருப்பாள். இவரிடம் எப்படி? கூலி வாங்காத மனிதர். அதற்காகச் சொல்லாமல் விட்டால் ஆர்டர் போகும், இருபத்தைந்தாம் தேதி பஸ் வரும். ராத்திரி முழுக்கப் புரண்டு பார்த்துவிட்டு, காலையில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். சந்தேகம் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்.

பதினேழாம் தேதி காலையில் சின்னக் குவாலி இரண்டை அடுத்தடுத்து ஏற்றினாள். ஒன்றில் தன் குட்டைத் தென்னை நீரா. இன்னொன்றில் அதே அளவு அர்ச்சுனன் நீரா. இன்னைக்கு ஒரு குவாலி நீங்க கிண்டுங்கண்ணே, யாரு கை மேலுன்னு பாத்துருவோம் என்றாள். அர்ச்சுனனுக்கு ஒரே உற்சாகம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பழைய தோட்டத்துக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே கிண்டினார். புனிதா இரண்டு குவாலியிலும் சூட்டுக் கருவியை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தாள். அவருடைய குவாலியில் நுரை பொங்கியபோது, பாத்தியா, எங்கையில எப்புடி வருதுன்னு என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் விறகைத் தள்ளுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

இரண்டும் ஒரே சூட்டில் இறங்கின. இரண்டையும் மூங்கில் வளையத்தில் ஊற்றினார்கள். அரைமணி கழித்து புனிதா தன் வளையத்தைத் தூக்கிப் பலகையில் தட்டினாள், டொக்கென்று கட்டி விழுந்தது. அர்ச்சுனன் தன்னுடையதைத் தூக்கினார். பாகு பலகையில் பரவி, ஓரத்தில் சொட்டியது.

அவர் முட்டாள் இல்லை. எழுந்துபோய் அவளுடைய முட்டியை எடுத்து மூக்கருகே வைத்தார், உள்ளே விரலை விட்டுச் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன்னுடைய முட்டியை எடுத்துக் கவிழ்த்தார். மண்டி மண்ணில் விழுந்தது. 

"எத்தன நாளு தங்கச்சி?"

"ஆறு நாளுண்ணே."

ஐயோ, திட்டிவிடக் கூடாதா, சண்டை போட்டுவிடக் கூடாதா என்று புனிதாவுக்கு இருந்தது. அவர் சண்டை போடவில்லை. கடைசியில் மெல்லக் கேட்டார்.

"எங்கூட எறக்குனவனெல்லாம் அப்பவே முட்டியக் கழுவிருவானுங்க. எனக்குத்தான் சோம்பேறித்தனம், அப்படியே கட்டுவேன். கைராசி கைராசின்னு ஊரே சொல்லுச்சே. அது இந்த மண்டிதானா?"

புனிதா ஒரு குவளை தேநீர் ஆற்றிக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அர்ச்சுனன் அதைக் குடிக்காமல் மோட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போச்சு. மனுஷனையும் நோகடித்தாகிவிட்டது, மரமும் காயப் போகிறது. புனிதா தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். ஆனாலும் சும்மா உட்காரவில்லை. பெரிய டிரம்மில் தண்ணீர் கொதிக்க வைத்து இருபத்தாறு முட்டியையும் அதில் போட்டு எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். மணி நாலாயிற்று. சாயங்காலம் பாளை சீவுகிற நேரம். ஏணியைப் பார்த்தாள், நெட்டை மரத்தைப் பார்த்தாள். பாதி மரத்துக்குக்கூட எட்டாது. இருந்தாலும் கத்தியை எடுத்துக்கொண்டாள். யாருக்குத் தெரியும், விழுந்தால் புருஷன் பக்கத்துக் கட்டிலில் இடம் கிடைக்கும்.

அப்போதுதான் மோட்டோ சத்தம் கேட்டது. அர்ச்சுனன் இறங்கி வந்தார். தலை சீவி, மூஞ்சி கழுவி, சட்டை மாற்றியிருந்தார். கையில் ஒரு பெரிய பொட்டலம் சுண்ணாம்பு. அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு முட்டியை எடுத்து உள்ளே பார்த்தார்.

"எம்புட்டுப் பூசணும்?" என்று கேட்டார்.

சொன்னாள். அவர் பூசிக் காட்டினார். கூடிப்போச்சுண்ணே, கசக்கும் என்றாள். துடைத்துவிட்டுத் திரும்பப் பூசினார். இருட்டுவதற்குள் இருபத்தாறு மரமும் ஏறி இறங்கிவிட்டார்.

அடுத்த ஐந்து நாளும் அந்தக் கொட்டகையில் அடுப்பு அணையவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், அர்ச்சுனன் சீவுகிற பாளையில் ஜெயபாலன் சீவுவதைவிட இரண்டு மடங்கு நீரா இறங்கியது. நடுவில் ஒரு நாள் மழை கெடுத்தது. அப்படியும் இருபத்திரண்டு கிலோ சேர்ந்துவிட்டது. மொத்தம் நாற்பத்துநாலு. ஆறு கிலோ குறைச்சல்.

இருபத்துமூன்றாம் தேதி இரவல் வேனில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டார்கள். டப்பா தூக்க ஆள் வேண்டும் என்று அர்ச்சுனனும் வந்தார். வழியில் அவரிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்தாள். குறைச்சலுக்குக் காரணம் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வாயே திறக்க வேண்டாம் என்றாள். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆசியா ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு துணுக்கு உடைத்து வாயில் போட்டாள். முகம் மலர்ந்தது. பக்கீர் முகம்மது கல்லாவிலிருந்து எழுந்து வந்து மகள் பக்கத்தில் நின்றார். ஆறு கிலோ குறையுது ஆசியா, என் பொறுப்புதான், அடுத்த மாசம் சேத்துக் குடுத்துர்றேன் என்றாள் புனிதா. ஆசியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற பெண் அல்லவா, டப்பாவின் மேல் சீட்டுகளை வரிசையாகப் படித்தாள்.

"பத்தாம் தேதி இருக்கு, பதினெட்டு இருக்கு. நடுவுல ஒரு வாரத்தக் காணோமேக்கா. என்னாச்சு?"

மரம் ஓய்ந்திருந்தது, மழை பெய்தது, புருஷன் காலொடிந்து கிடந்தார். சொல்வதற்கு எத்தனையோ இருந்தது.  ஆனால் புனிதாவுடையது பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். உண்மையைச் சொன்னால் பக்கத்தில் நிற்கிற மனிதரின் மானம் போகும். அதைவிட, கள் என்ற சொல் இந்தக் கடைக்குள் விழுந்தால் ஆர்டரே போகும். அது என்னோட இருக்கட்டும் ஆசியா என்று மட்டும் சொன்னாள். ஆசியாவின் முகம் இறுகியது. காரணம் தெரியாமல் மாதாமாதம் எப்படி வாங்குவது என்று அவள் கேட்டதிலும் தப்பில்லை.

அர்ச்சுனன் தூக்கி வந்த டப்பாவைக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா காரணம். நான் பழைய கள்ளுக்காரன். முட்டியக் கழுவாமக் கட்டிப்புட்டேன், ஆறு நாளு எறக்குனது பூராக் கள்ளாப் போச்சு. அதுல ஒரு கரண்டி இதுல சேரல. இந்தப் புள்ள அத்தனையையும் குழி வெட்டிப் பொதச்சிருச்சு."

கடையில் தேநீர் ஆற்றுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். புனிதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். காதுக்குள் ஃபேக்டரி பஸ் ஹாரன் கேட்டது.

பக்கீர் முகம்மது சீட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பதினெட்டாம் தேதி டப்பாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தார். கடிக்கவில்லை. அர்ச்சுனனை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப முட்டி கழுவுறது யாரு?"

"நான்தான் பாய். வேற யாரையும் தொட விடுறதில்ல."

பெரியவர் கட்டியைக் கடித்தார். நிதானமாகக் கரைத்து விழுங்கினார். மாசம் அம்பது கிலோன்னு எழுதிக்க, ஆசியா என்று சொல்லிவிட்டு அர்ச்சுனனுக்கு ஒரு தேநீர் போடச் சொன்னார். அர்ச்சுனன் நாற்காலியில் உட்கார்ந்து, சீனி கம்மியா என்றார்.

புனிதா கடை வாசலுக்கு வந்து ஃபேக்டரி சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டாள். இருபத்தைந்தாம் தேதி காலை ஷிப்டா மாலை ஷிப்டா என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"ரெண்டும் இல்ல மேடம். நான் இனிமே வரல" என்றாள் புனிதா. சொல்லி முடித்ததும் வந்த அழுகை நிற்க வெகுநேரம் ஆனது.